நெஞ்சுக்குள் ஒரு முறம்: தைமஸ் கெட்டால் ரத்தம் ஏன் குறைகிறது?

தைமஸ் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் "தைராய்டா?" என்று கேட்பார். இல்லை. தைராய்டு கழுத்தில் இருக்கிறது; அதற்கு மாத்திரை உண்டு; தெருவுக்கு நாலு பேர் காலையில் வெறும் வயிற்றில் அதைப் போடுகிறார்கள். தைமஸ் அதற்கும் கீழே, நடு நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேற்பக்கத்தில் இரண்டு மடலாகக் கிடக்கிறது. உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் பிறக்கும்போதுதான் அது மிகப் பெரியது. பருவ வயது வரை வளரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாக மாறும். அறுபது வயதுக்காரரின் நெஞ்சைத் திறந்தால் மஞ்சள் கொழுப்புக்கு நடுவே அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் மிஞ்சியிருக்கும்.

இப்படி வயதாக ஆகக் காய்ந்துபோகிற ஓர் உறுப்புக்கும், ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கி மூச்சு வாங்க வந்து நிற்கிறவருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் அரிசி புடைத்துப் பார்த்திருந்தால் போதும்.

பதரும் கல்லும்

ரத்த அணுக்கள் பிறக்கிற இடம் எலும்பு மஜ்ஜை. சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), வெள்ளையணுக்களில் பெரும்பாலானவை எல்லாம் அங்கேயே முதிர்ந்து ரத்தத்தில் இறங்கும். வெள்ளையணுவில் ஒரு வகை மட்டும் அரைவேக்காடாக மஜ்ஜையை விட்டுக் கிளம்பி, ரத்தத்தின் வழியே தைமஸுக்கு வந்து சேர்கிறது. அதுதான் டி செல். பெயரில் இருக்கும் 'டி' ஆங்கிலத்தில் தைமஸின் முதல் எழுத்து.

டி செல்லுக்குக் காவல் வேலை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு உருவத்தைப் பிடிக்கிற மாதிரியான கொக்கியோடு உருவாகிறது. எந்தக் கிருமி எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரியாது. அதனால் மரபணுத் துண்டுகளை மாற்றிமாற்றிக் கோத்து, குருட்டாம்போக்கில் கோடிக்கணக்கான கொக்கிகளைச் செய்து வைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு செய்த பொருளில் உதவாததும் இருக்கும், ஆபத்தானதும் இருக்கும். நம் சொந்த உடம்பையே எதிரி என்று பிடித்துக்கொள்ளும் கொக்கிதான் ஆபத்தானது.

முறம் இங்கே வருகிறது. தைமஸின் வெளிப்பகுதியில் முதல் புடைப்பு. நம் செல்கள் தங்கள் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் அடையாள மூலக்கூறைத் தொட்டுப் படிக்கவே தெரியாத டி செல்கள் பதர். அவை அங்கேயே செத்துப்போகும். தேறியவை உள்பகுதிக்குப் போகும். அங்கே நடப்பது கல் அரிப்பு. அங்குள்ள தைமஸ் செல்கள் ஒரு விநோத வேலை பார்க்கின்றன: கணையம் மட்டுமே செய்ய வேண்டிய இன்சுலின் போல, உடம்பின் மூலைமுடுக்குகளில் இருக்கிற ஏராளமான புரதங்களைத் தாங்களே கொஞ்சம் தயாரித்து டி செல்களின் முன்னால் நீட்டுகின்றன. பார்த்ததும் பாய்கிற செல் கல். பெரும்பாலும் அது அழிக்கப்படும். சில மட்டும் மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் சமாதானக் காவலாளிகளாக மாற்றப்படும். இந்தக் கண்காட்சியை நடத்துவதில் முக்கியப் பங்கு ஏயர் என்ற மரபணுவுக்கு. 1997-ல் அதை அடையாளம் கண்டார்கள். உள்ளே போன நூறு செல்களில் ஐந்துகூட உயிரோடு வெளியே வருவதில்லை. இவ்வளவு கழித்துக்கட்டுகிற இடம் உடம்பில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பதர் கலந்த சோறு ருசிதான் கெடும். கல் கலந்தால் பல் போகும்.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

இவ்வளவு முக்கியமான உறுப்பு ஒரு காலத்தில் வேண்டாத விருந்தாளியாக நடத்தப்பட்டது. 20-ம் நூற்றாண்டின் முற்பாதியில், அமெரிக்கா முதலிய நாடுகளில், குழந்தைகளின் தைமஸ் 'வீங்கியிருக்கிறது', அதுதான் மூச்சை அடைக்கிறது என்று நினைத்து எக்ஸ்ரே கதிர் அடித்துச் சுருக்கினார்கள். அந்தத் தைமஸ் வீங்கவே இல்லை. பாடப்புத்தகத்தில் எழுதிய 'சரியான அளவு' நோயில் இளைத்து, வறுமையில் செத்த உடல்களை அறுத்து எடுத்த அளவு. நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. கதிர் பட்ட குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

அந்த நிலையை மாற்றியவர் ஜாக் மில்லர். 1961-ல் லண்டனில் அவர் தைமஸைப் பற்றி ஆராய உட்காரவில்லை. எலிகளுக்கு வைரஸால் வரும் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் புற்றுநோய் தைமஸில் தொடங்குவதால், பிறந்தவுடனே எலிக்குட்டியின் தைமஸை எடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். குட்டிகள் வளர்ந்து, இளைத்து, தொற்றில் செத்தன. அவற்றின் ரத்தத்தில் நிணவணுக்கள் (டி செல்லும் சேர்ந்த வெள்ளையணு வகை) அருகிப்போயிருந்தன. வேற்று எலியின் தோலை ஒட்டினால்கூட உடம்பு ஒத்துக்கொண்டது. காவல் இல்லாத வீடு. மனித உடம்பின் முக்கிய உறுப்புகளில் கடைசியாக வேலை தெரியவந்தது தைமஸுக்குத்தான். ரத்த நோயைத் தேடிப்போன ஒருவர் வழியில் கண்டெடுத்தது அது என்பதால், தைமஸும் ரத்தமும் என்ற தலைப்பில் இந்தக் கதை முதலில் வருவதே முறை.

ஒரு ரத்த அறிக்கை

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். என் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று ஒரு மாதிரி அறிக்கையை வைத்துச் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை. ஐம்பத்தைந்து வயது அம்மா. ஹீமோகுளோபின் 5.4. வெள்ளையணு 6,800. தட்டணு 2,40,000. சிவப்பணுவின் சராசரி அளவு 92.

நம்மூரில் ரத்தம் குறைவு என்றதும் கை தானாக இரும்புச்சத்து மாத்திரைக்குப் போகும். இரும்புக் குறைவு அவ்வளவு சகஜம் என்பதால் அதில் தப்பும் இல்லை. ஆனால் இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்து வெளிறிப்போகும். அளவு 80-க்குக் கீழே இறங்கும். இங்கே 92, அதாவது இருக்கிற சிவப்பணு ஒவ்வொன்றும் நல்ல அணுதான், எண்ணிக்கைதான் இல்லை. மஜ்ஜை முழுவதும் படுத்திருந்தால் வெள்ளையணுவும் தட்டணுவும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். அவை இரண்டும் ஜம்மென்று இருக்கின்றன. மூன்று தறி ஓடுகிற கூடத்தில் ஒரு தறி மட்டும் நின்றிருக்கிறது.

அடுத்து கேட்க வேண்டிய பரிசோதனை ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. அதாவது, மஜ்ஜையிலிருந்து இப்போதுதான் இறங்கிய இளம் சிவப்பணு எவ்வளவு என்பது. சாதாரணமாக எழுதித்தரும் ரத்த அணுப் பரிசோதனையில் பல இடங்களில் இது சேராது. தனியாகக் கேட்க வேண்டும். நல்ல உடம்பில் நூறு சிவப்பணுவுக்கு ஒன்று அல்லது இரண்டு. ரத்தம் ஒழுகியோ உடைந்தோ குறைந்திருந்தால் மஜ்ஜை விழுந்தடித்து வேலை செய்யும். இந்த எண் ஏறும். நம் அம்மாவுக்கு 0.1. ஹீமோகுளோபின் பாதிக்கும் கீழே விழுந்தும் மஜ்ஜை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று பொருள்.

இதற்குப் பெயர் பியூர் ரெட் செல் அப்ளேசியா. மருத்துவர்கள் பி.ஆர்.சி.ஏ. என்பார்கள். சிவப்பணு உற்பத்தி மட்டும் நின்றுபோகும் நோய். 1922-ல் பிராகாவில் இருந்த பால் கஸ்னெல்சன் இதை மற்ற ரத்த சோகைகளிலிருந்து பிரித்துக் காட்டினார். (மாணவராக இருந்தபோதே, தட்டணு குறையும் நோய்க்கு மண்ணீரலை எடுக்கலாம் என்று யோசனை சொன்ன அதே ஆள்.) மஜ்ஜையை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தால் நோய் பளிச்சென்று தெரியும். வெள்ளையணுவின் எல்லாப் பருவங்களும் இருக்கும். தட்டணுவைப் பெற்றுத்தரும் பெரிய செல்களும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அடர்ந்த நீலத்தில் உருண்டைக் கருவோடு கூட்டம்கூட்டமாகத் தெரிய வேண்டிய சிவப்பணுக் குஞ்சுகளை மட்டும் காணோம். ஸ்லைடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்தினாலும் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது.

இந்த நோய் மெதுவாகத்தான் வரும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். உற்பத்தி இன்று நின்றாலும் ஓடுகிற அணுக்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தினமும் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் உதிரும். இரண்டு மாதத்தில் பாதி. உடம்பும் அதற்கேற்பப் பழகிக்கொள்வதால், "படியேறினால் களைப்பு, வயசாச்சு இல்ல" என்று சொல்லியே ஆள் 5 வரை இறங்கி வந்துவிடுவார்.

கல் எங்கிருந்து வந்தது?

இப்போது நெஞ்சுக்கு வருவோம். தைமஸின் செல்களில் வரும் கட்டிக்குப் பெயர் தைமோமா. அபூர்வம்: அமெரிக்கக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு. நாற்பது வயதுக்கு மேல்தான் அதிகம். மெதுவாக வளர்வதால் பலருக்கு வேறு எதற்கோ எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ தற்செயலாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியது, இது புடைக்கப்படும் தானியத்தில் வந்த கோளாறு இல்லை, முறத்தில் வந்த கோளாறு. கட்டியாகிவிட்ட பிறகும் பல தைமோமாக்களுக்குள் இளம் டி செல்கள் வந்து குவிந்தபடியே இருக்கும். புடைப்பும் அரைகுறையாக நடக்கும். ஆனால் பெரும்பாலான தைமோமாக்களில் ஏயர் மரபணு வேலை செய்வதில்லை. கல் அரிக்கும் உள்பகுதியும் ஒழுங்காக அமைவதில்லை. சமாதானக் காவலாளிகளும் போதிய அளவு உருவாவதில்லை. கல்லோடு சேர்ந்தே அரிசி உலைக்குப் போகிறது.

அந்தக் கல் எந்தப் பல்லில் படும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தசைக்கும் நரம்புக்கும் நடுவில் பட்டால் மயஸ்தீனியா கிராவிஸ்: காலையில் நன்றாக இருக்கிற இமை சாயங்காலத்துக்குள் சரிந்துவிடும், பேசப்பேசக் குரல் தேயும். தைமோமா வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இது வரும். மஜ்ஜையில் சிவப்பணுக் குஞ்சுகள் மேல் பட்டால் பி.ஆர்.சி.ஏ. இது தைமோமா உள்ள நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு. டி செல்கள் நேரடியாகவே குஞ்சுகளைக் கொல்லலாம், அல்லது பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவைத் தூண்டிவிட்டு எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) செய்யவைக்கலாம். சிலரிடம் ஒரே டி செல்லின் வாரிசுகளே ரத்தத்தில் பெருத்துப்போய் அந்த வேலையைச் செய்யும்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். பழைய நூல்கள் பி.ஆர்.சி.ஏ. நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தைமோமா இருக்கும் என்றன. இன்று அது பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று தெரிகிறது. பார்வோ வைரஸ் பி19, லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் சில வகைகள், உடம்பே தன்னைத் தாக்கும் லூபஸ், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், சிறுநீரக நோயாளிகள் போட்டுக்கொள்ளும் எரித்ரோபாய்டின் ஊசி என்று வேறு காரணங்கள் நிறைய. இருந்தாலும் மேலே சொன்ன மாதிரி அறிக்கையோடு ஒருவர் வந்தால், நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்காமல் விடக்கூடாது என்பது என் கட்சி.

பல் மட்டும் இல்லை

ரத்தத்தில் தைமோமா செய்கிற வேறு ஒரு வேலையை 1954-ல் அமெரிக்காவின் ராபர்ட் குட் விவரித்தார். அதனால் அதற்கு குட் சிண்ட்ரோம் என்று பெயர். இதில் பி செல்கள் அற்றுப்போய், கிருமியை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்புரதம், அடிமட்டத்துக்குப் போய்விடும். சளி, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று மாற்றி மாற்றி வரும். இவர்களுக்குப் பார்வோ வைரஸ் தொற்றினால் உடம்பால் அதை விரட்ட முடியாது. வைரஸும் சிவப்பணுக் குஞ்சைத்தான் தின்னும். ஆக, தைமோமா இருக்கிறது, பி.ஆர்.சி.ஏ.வும் இருக்கிறது என்றால் குற்றவாளி எப்போதும் டி செல்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. எதிர்ப்புரதமே ஊறாத உடம்பில் எதிர்ப்புரதத்தைத் தேடும் பரிசோதனை 'இல்லை' என்றுதான் சொல்லும். வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும். வைரஸ்தான் என்று தெரிந்தால் நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது வைத்தியம். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

மஜ்ஜை மொத்தமாகப் படுத்துவிடும் அப்ளாஸ்டிக் அனீமியாவும், தட்டணு அழிகிற நோயும் தைமோமாவோடு வருவதுண்டு. அவை இன்னும் அபூர்வம்.

முறம் நன்றாக இருந்து தானியமே கெட்டுப்போவதும் உண்டு. தைமஸுக்குள் இருக்கும் இளம் டி செல்லே புற்றாகிப் பெருகினால் டி வகை லிம்போபிளாஸ்டிக் லுகேமியா அல்லது லிம்போமா. வளர் இளம்பருவப் பையன்களிடம் அதிகம். நெஞ்சில் கட்டி வாரக்கணக்கில் பெருத்து, முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும். ஸ்கேனில் இருப்பது தைமோமா இருக்கும் அதே இடம்தான். ஆனால் அதை அவசர அவசரமாகக் கீமோதெரபிக்கு அனுப்ப வேண்டும்.

முறமே இல்லாமல் பிறக்கிற குழந்தைகளும் இருக்கிறார்கள். 22-ம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டால் வருவது டிஜார்ஜ் சிண்ட்ரோம். சுமார் நாலாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த விடுபடல் இருக்கும். பெரும்பாலோருக்குத் தைமஸ் சிறியதாகவாவது இருக்கும். மிகச் சிலருக்கே அறவே இருக்காது. இதய ஓட்டையும் கூடவே வருவதால் பிறந்த சில நாளிலேயே அறுவை சிகிச்சை, அதற்கு ரத்தம் என்று தேவைப்படும். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். கொடையாளரின் ரத்தத்தில் அவருடைய டி செல்களும் வரும். நமக்கு என்றால் நம் டி செல்கள் வந்தவற்றைத் துரத்திவிடும். துரத்த ஆள் இல்லாத குழந்தைக்குள் அவை குடியேறி, குழந்தையின் தோல், குடல், மஜ்ஜை என்று எல்லாவற்றையும் தாக்கும். அது வந்தால் பிழைப்பது அரிது. அதனால் கதிர் அடித்து டி செல்களைப் பெருக முடியாமல் செய்த ரத்தத்தைத்தான் ஏற்றுவார்கள். ரத்த வங்கிக்குப் போகும் சீட்டில் அந்த ஒரு வரி விட்டுப்போகக் கூடாது.

கட்டியை எடுத்த பிறகு

தைமோமாவை அறுவை சிகிச்சையில் முழுசாக எடுத்துவிடுவதுதான் முதல் வழி. எடுக்கும் முன் இரண்டு வேலை: மயஸ்தீனியா ஒளிந்திருக்கிறதா என்று எதிர்ப்புரதப் பரிசோதனை செய்வது (இல்லாவிட்டால் மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சுத் தசை எழுந்திருக்காமல் போகலாம்), ரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினைத் தாங்கும் அளவுக்குக் கொண்டுவருவது.

கட்டிதானே காரணம், எடுத்ததும் ரத்தம் ஊறிவிடும் என்று வீட்டார் எதிர்பார்ப்பார்கள். நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை மட்டும் போதுவதில்லை. முறத்தை மாற்றிவிட்டோம், சரி. ஏற்கெனவே உலைக்குள் போன கல்? வெளியேறிவிட்ட டி செல்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கட்டியை எடுத்துப் பல ஆண்டுகள் கழித்து முதல்முறையாகப் பி.ஆர்.சி.ஏ. வந்தவர்களும் உண்டு. அதனால்தான் தைமோமா எடுத்தவர், அது எவ்வளவு பழைய கதையாக இருந்தாலும், ரத்தம் குறைந்து மருத்துவரிடம் போகும்போது அதைச் சொல்ல வேண்டும்.

சோற்றில் இருக்கும் கல்லை அடக்க சைக்ளோஸ்போரின் என்ற மாத்திரையை அதிகம் நம்புகிறார்கள், பெரும்பாலோருக்குக் கேட்கும். அது டி செல்லின் கையைக் கட்டிப்போடும். கூடவே சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். சிலருக்கு ஈறு தடித்து பல்லை மூடும். சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்பும் என்பதால் நீண்ட நாள் போட வேண்டியிருக்கும்.

அது வேலை செய்யும் வரை ரத்தம் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மி.கி. இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. இருபது யூனிட் தாண்டினால் கல்லீரலிலும் இதயத்திலும் படிய ஆரம்பிக்கும். இரும்பைக் கட்டி வெளியேற்ற தனி மாத்திரை தர வேண்டும். இந்த நிலையில் யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் விழுங்கிக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

பெரியவர்களுக்குத் தைமஸ் வேண்டாத உறுப்பு என்பதும் இப்போது செல்லாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களையும், அதை எடுக்காமல் வேறு நெஞ்சு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டு 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 8.1 சதவீதம், இரண்டாவதில் 2.8 சதவீதம். புற்றுநோயும் முதல் கூட்டத்துக்கு இரு மடங்கு. தைமோமா இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். வேறு அறுவை சிகிச்சையின்போது வழியில் இருக்கிறதே என்று வெட்டிப்போடுவதைத்தான் யோசிக்கச் சொல்கிறார்கள்.

மருந்து பிடிக்கிறதா என்பதை ஹீமோகுளோபின் உடனே சொல்லாது. ஏற்றின ரத்தம் அதைக் குழப்பிவிடும். முதலில் சொல்வது ரெட்டிகுலோசைட்தான். இரண்டு சொட்டு ரத்தத்தில் இரண்டு சொட்டு நியூ மெத்திலீன் நீலச் சாயம் கலந்து, கால் மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்து, கண்ணாடியில் இழுத்துப் பார்ப்போம். வயதான சிவப்பணு வெறும் வட்டமாகத் தெரியும். இளசுக்குள் மட்டும் நீல நூல் சிக்கு விழுந்த மாதிரி ஒரு வலை இருக்கும். ஆயிரம் அணு எண்ண வேண்டும். மருந்து தொடங்கிய ஒருவருக்குப் போன மாதம் ஆயிரத்துக்கு ஒன்று. அதற்கு முந்தின மாதமும் ஒன்று. இந்த மாதம் முதல் நூறிலேயே ஒரு நீல வலை, எண்பது தள்ளி இன்னொன்று, ஓரத்தில் பாதி மறைந்து மூன்றாவது. ஆயிரம் முடியும்போது பதினான்கு. சரியாகத்தான் எண்ணினேனா என்று வேறு ஓரத்திலிருந்து மறுபடி ஆயிரம் எண்ணினேன். பதின்மூன்று.